அப்பா போட்ட புத்தகங்களை மின்னூலாக்கலாமா, இல்லை வேண்டாத வேலையா?

ராயப்பேட்டைக்காரன்

ராயப்பேட்டையில் என் அப்பா நடத்திவந்த சிறிய பதிப்பகத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு கணினி, புத்தகக் காட்சி வந்தால் தெரிந்தவர் அரங்கில் ஒரு ஓரம். கட்டுரை, மொழிபெயர்ப்பு, கொஞ்சம் நாட்டார் வழக்காறு, சில நாவல்கள் என்று அப்பா தன் விருப்பப்படி போட்டவை. சைதாப்பேட்டையில் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்குக்குள் 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்ததில் கட்டுக்கட்டாகப் போய்விட்டன. அடுத்த மாதம் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சியே ஜூனுக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பாதிப் புத்தகங்களை நாங்கள் திரும்ப அச்சடிக்கவே இல்லை.

இப்போதும் நந்தனம் புத்தகக் காட்சியில் யாராவது வந்து பழைய தலைப்பு ஒன்றைக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புவேன். காகிதம் விற்கிற விலையில், நிதானமாக விற்கும் புத்தகத்துக்கு மறுபதிப்பு போட்டால் பணம் முடங்கிவிடும். அதனால் மின்னூல் யோசனை. நண்பர் ஒருவர், "ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப். ஆக்கி ஏத்திடு, அவ்வளவுதான்" என்கிறார். அவ்வளவுதானா? அச்சு விற்பனையை இது கெடுக்குமா? எழுத்தாளர்களிடம் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெட்ரோ வாசகி

பதிப்பாளராக எனக்கு எதுவும் தெரியாது, வாசகியாகச் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டையில் ஏறி கிண்டியில் இறங்குகிறேன். காலையில் அந்த நெரிசலில் ஒரு கை கம்பியில், ஒரு கையில் கிண்டில், அதாவது அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி. தடித்த நாவலை இப்படிப் பிடிக்க முடியாது. மாலையில் மாடியில் வெயில் சாயும்போதும் படிக்கலாம், கண் கூசாது. செல்போன் திரை தானே ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. இ-இங்க் திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னழுத்தத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன, வெளிச்சம் அவற்றின் மேல் பட்டுத்தான் நமக்கு வருகிறது, காகிதத்தில் வருவதைப் போலவே. பக்கம் புரட்டும்போது மட்டும்தான் அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்.

அச்சு விற்பனை குறையுமா என்று கேட்டீர்கள். என் விஷயத்தில் நேர்மாறு. முதல் சில பக்கங்களை இலவச மாதிரியாகப் படித்துப் பிடித்துப்போய், அச்சுப் பிரதியாகத் தேடி வாங்கியவை நிறைய. உங்கள் புத்தகம் எங்குமே இல்லை என்றால் நான் எதையும் வாங்கப்போவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கருவியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. காலேஜ் பையன்கள் எல்லாரும் செல்போனில்தான் படிக்கிறார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

மேற்கு மாம்பலம்

வாங்கினேன் வாங்கினேன் என்கிறீர்களே அம்மா, நீங்கள் எதையும் வாங்கவில்லை. படிக்க அனுமதிச்சீட்டு எடுத்திருக்கிறீர்கள். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே அமேசான் அழித்தது. விற்ற ஆளுக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் நான் கடையில் வாங்கி வந்த புத்தகத்தை எடுத்துப்போக ராத்திரியில் யாரும் என் வீட்டுக்குள் வர முடியாது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. அங்கே வாங்கிய எல்லாம் போச்சு, அதற்கும் பணம் திரும்பக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. இன்னொருவருக்கு இரவல் கொடுக்க முடியாத புத்தகம் என்ன புத்தகம்?

என் அலமாரியில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை இன்னும் இருக்கின்றன. திறந்தால் படிக்கலாம். பாஸ்வேர்டு கேட்காது.

மெட்ரோ வாசகி

சார், அந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது யாரும் பணம் திருப்பித் தரவில்லையே.

மேற்கு மாம்பலம்

நெத்தியடி. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

திருவல்லிக்கேணி டி.டி.பி.

ராயப்பேட்டை சார், உங்கள் நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். மின்னூல் இல்லை, புத்தகத்தின் போட்டோ. ஆறு அங்குலத் திரையில் அச்சுப் புத்தகத்தின் டெமி அளவுப் பக்கம் அப்படியே சுருங்கி எறும்பு வரிசை மாதிரி தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடதும் வலதும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். தேட முடியாது, எழுத்தளவு மாற்ற முடியாது. மின்னூல் என்றால் எழுத்து எழுத்தாக, திரைக்கு ஏற்றபடி வரி மடங்கி ஓட வேண்டும். அதற்கு இ-பப் வடிவம் வேண்டும், இ-பப்புக்கு யூனிகோடு எழுத்து வேண்டும், அதாவது எல்லாக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடு. நம் பதிப்பகங்களில் சிக்கல் இங்கேதான்.

தொண்ணூறுகளில் தொடங்கி நாங்கள் எல்லோரும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில்தான் பக்கம் கட்டினோம். ஒருவர் ஸ்ரீலிபி, ஒருவர் பாமினி, ஒருவர் டாம், ஒருவர் டாப். இந்த எழுத்துருக்களில் எல்லாம் தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே ஆங்கில எழுத்தும் குறியும்தான் இருக்கும், எழுத்துருவை எடுத்துவிட்டால் கந்தல். அச்சுக்கு அது போதுமானதாக இருந்தது. ஃபிலிம் எடுத்தோம், பிளேட் போட்டோம், வேலை முடிந்தது. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடு தமிழ் உடையாமல் வந்ததே 2012இல், சி.எஸ்.6 வந்த பிறகுதான். அதற்குப் பிறகும் பழக்கதோஷத்தில் பழைய எழுத்துருவிலேயே ஓட்டுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு. என்.எச்.எம். கன்வெர்ட்டர் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், அங்கேதான் ஆரம்பிக்கிறது. கௌரவம் என்று இருக்க வேண்டியது 'கெளரவம்' என்று வரும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளே ளகரம் உட்கார்ந்திருக்கும். வாசகர் 'கௌரவம்' என்று தேடினால் அகப்படாது. ஔவையாரும் இப்படித்தான் 'ஒளவையார்' ஆவார். துணைக்காலும் ரகரமும் ஒரே தோற்றத்தில் இருந்த எழுத்துருக்களில் இரண்டும் கலந்துவிடும். மேற்கோள் குறிகள் வேறு ஏதோ எழுத்தாகிவிடும். பக்கத்தின் கீழே இருந்த அடிக்குறிப்பு பத்திக்கு நடுவில் வந்து நிற்கும். இதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து, அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும்.

பார்க்காமல் ஏற்றிவிட்டு, 'தமிழில் மின்னூல் யாரும் படிக்கிறதில்லை' என்று புலம்பும் பதிப்பகங்களை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். முதல் பக்கத்திலேயே பிழை மண்டிக் கிடந்தால் யார் சார் படிப்பார்கள்?

இன்னொன்று, இது சின்ன விஷயம்தான் ஆனால் கண்ணை உறுத்தும். தமிழில் சொற்கள் சேர்ந்து சேர்ந்து நீளும். ஆறு அங்குலத் திரையில் இருபக்கமும் சமப்படுத்தினால் வரிக்கு மூன்று சொல் வந்து நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கி வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். கவிதை நூல் இருந்தால் அதைக் கடைசியில் செய்யலாம், வரி மடிப்பில் உயிர் போகும்.

உங்களிடம் மூலக் கோப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன?

ராயப்பேட்டைக்காரன்

அண்ணே, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அப்பாவின் பீரோவில் சி.டி.க்கள் இருக்கின்றன. சில திறக்கின்றன, சில திறக்கவில்லை. திறந்தவற்றில் பேஜ்மேக்கர் கோப்பு இருக்கிறது, எழுத்துரு என்ன என்று தெரியவில்லை. கணினிக்கு முந்தைய கையால் கோத்த எழுத்துப் புத்தகங்களும் சில உண்டு. அவற்றுக்குக் கோப்பு என்ற பேச்சே இல்லை. ஒன்றிரண்டுக்கு எங்களிடம் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

குரல்வழி

நான் பார்வையற்றவன். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைக் கொண்டு கணினியில் படிக்கிறேன். டி.டி.பி. அண்ணன் சொன்னதில் ஒரு பகுதி எனக்கு வாழ்க்கைப் பிரச்சினை. ஸ்கேன் பி.டி.எஃப். ஒன்றைத் திறந்தால் என் கணினி 'காலிப் பக்கம்' என்கிற மாதிரி மௌனமாகிவிடும். பழைய எழுத்துருவில் உள்ள கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தையும் குறியீட்டையும் ஒவ்வொன்றாக ஒப்பிக்கும், கேட்கவே முடியாது. யூனிகோடு இ-பப் என்றால் அதே கணினி தமிழைத் தமிழாகப் படிக்கும். உச்சரிப்பு இயந்திரத்தனமாக இருக்கும்தான், பழகிவிட்டது.

நூல் வந்த அன்றே, யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சாமல் நானே படிக்க முடிந்தது மின்னூலால்தான். 2012 திருத்தத்தில் காப்புரிமைச் சட்டமே எங்களுக்கு ஏற்ற வடிவில் நூலை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் 2016இல் வந்தது. ஆனால் அங்கே தமிழ்ப் புத்தகம் சேர வேண்டுமென்றால் யாராவது தட்டச்சு செய்ய வேண்டும், இல்லை பதிப்பாளர் நல்ல கோப்பு தர வேண்டும். நாட்டார் வழக்காறு என்று எழுதியிருந்தீர்களே, அதை முதலில் செய்யுங்கள் சார். என்ன விலை வைத்தாலும் வாங்குகிறேன். அட்டைக்கும் உள்ளே வரும் படங்களுக்கும் ஒரு வரி விளக்கம் மட்டும் எழுதிவிடுங்கள்.

தொடர்கதைக்காரி

நான் கே.டி.பி.யில், அதாவது எழுதுகிறவரே கிண்டிலில் மின்னூல் வெளியிடும் அமேசான் சேவையில், எழுதி ஓரளவு சம்பாதிக்கிறவள். காசு விஷயத்தை உடைத்துப் பேசலாம்.

கிண்டிலில் தமிழ் நூல்களுக்குத் தனிக் கடை திறந்தது 2016 டிசம்பரில். அதன் பிறகுதான் என் மாதிரி வீட்டிலிருந்து எழுதும் பெண்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தோம். பதிப்பாளர் வாசலில் காத்திருந்து, கடைசியில் கைக்காசைப் போட்டு அச்சடித்து, கட்டிலுக்கு அடியில் பிரதிகளை அடுக்கி வைக்கும் நிலை எங்களுக்கு இனி இல்லை. அச்சில் ஆசிரியருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம், அதுவும் கணக்குக் காட்டினால். இங்கே உரிமைத்தொகை 35 அல்லது 70 சதவீதம். ஆனால் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். இந்தியாவில் 70 வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு எந்தக் கடையிலும், உங்கள் சொந்தத் தளத்திலும்கூட, வைக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 70 எடுத்தால் கோப்பின் எடைக்கேற்ப அனுப்புக் கட்டணமும் பிடிப்பார்கள், படம் நிறைய இருந்தால் அங்கே கடிக்கும்.

செலக்டில் இருந்தால், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்கு இத்தனை என்று பணம் வரும். என் வருமானத்தில் பெரும்பகுதி இதுதான். குடும்பக் கதை, காதல் கதை, மர்மக் கதைக்கு இது நன்றாக ஓடும். ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கிற வாசகிகள் எங்களுக்கு. உங்கள் அப்பாவின் கட்டுரை நூலை அப்படி யாரும் படிக்க மாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதம் சில பிரதி போகும். ஆனால் கிடங்கு வாடகை கிடையாது, கடைக்காரருக்குக் கழிவு கிடையாது, அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

வரி இன்னொரு வேடிக்கை. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்னூலுக்கு 18 சதவீதம் இருந்தது. 2018இல், அச்சுப் பதிப்பும் உள்ள நூல் என்றால் 5 என்று குறைத்தார்கள். அச்சுக்கே போகாத எங்கள் கதைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த வகையில் உங்கள் பட்டியலுக்கு அப்பாவே தள்ளுபடி வாங்கி வைத்திருக்கிறார்!

பி.டி.எஃப். பிரியன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கிடைக்காத புத்தகங்களைத்தானே நாங்கள் ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடுகிறோம். பதிப்பாளர் கைவிட்டதை வாசகர் காப்பாற்றுகிறார். ஒருவகையில் இது சேவை.

தொடர்கதைக்காரி

தம்பி, என் கதை ஏறிய மறுநாளே உங்கள் குழுவில் வந்துவிடுகிறது. அது கிடைக்காத புத்தகமா? ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது. அன்லிமிடெட்டில் பக்கத்துக்குக் கிடைப்பதே பைசாக் கணக்கு. அதையும் பிடுங்குவதற்கு சேவை என்று பெயர் வைக்காதீர்கள்.

மேற்கு மாம்பலம்

இந்த ஒரு விஷயத்தில் நான் மின்னூல்காரர்கள் பக்கம். பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கினால் அந்தப் பிரதி ஒரு தடவையாவது விலை கொடுத்து வாங்கப்பட்டது. குழுவில் போடுவது அப்படி அல்ல.

பி.டி.எஃப். பிரியன்

புதுக் கதைகளைப் போடுவது தப்புதான், நான் போடுவதில்லை. ஆனால் பதிப்பில் இல்லாத நூலுக்கு வாசகன் எங்கே போவான்? ராயப்பேட்டை சாரே இல்லை என்றுதானே அனுப்புகிறார்.

ராயப்பேட்டைக்காரன்

உண்மை, அதனால்தான் கேட்கிறேன். எங்கள் நூல் ஒன்றும் உங்கள் மாதிரி ஒரு குழுவில் சுற்றுவதைப் பார்த்தேன். கோபம் வந்தது. நல்ல பிரதி நான் விற்காதவரை அந்தக் கோணல் ஸ்கேனைத்தான் படிப்பார்கள் என்பதும் புரிகிறது. வழக்குப் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

ஐகோர்ட் பக்கம்

வழக்குக்கு வழி இல்லாமல் இல்லை. பயிற்சிப் பாட நூல்களைத் திருட்டுத்தனமாகப் பரப்பிய சேனல்களை நடத்துபவர் விவரத்தைத் தரும்படி 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. ஆனால் சிறு பதிப்பகம் அதற்கு அலைவதைவிட ஒப்பந்தங்களைச் சரிசெய்வது முக்கியம். கையெழுத்து பற்றிய உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

அப்பா காலத்து ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'நூலாக வெளியிடும் உரிமை' என்று ஒரு வரி இருக்கும், அல்லது ஒப்பந்தமே இருக்காது, ஒரு தபால் அட்டை இருக்கும். காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தம் 18ஆம் பிரிவில் இன்னொன்றைச் சேர்த்தது. ஒப்பந்தம் போட்ட நாளில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. திருத்தத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களைப் பற்றி வக்கீல்கள் வாதாடலாம். நீங்கள் வாதாடாதீர்கள், புதிதாக ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள். மின்னூல், ஒலிநூல், எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம், எப்போது கணக்கு என்று தெளிவாக எழுதுங்கள். பத்து சதவீதம் என்ற அச்சுக் கணக்கை மின்னூலுக்கும் நீட்டாதீர்கள். காகிதச் செலவு இல்லாதபோது ஆசிரியருக்குப் பாதி கொடுத்தால்தான் நியாயம், இது என் அபிப்பிராயம்.

ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. மகன் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதாது, எல்லா வாரிசும் போட வேண்டும். மொழிபெயர்ப்பு நூலென்றால் மூல ஆசிரியர் தரப்பு அனுமதியும் தனி. அதில் கை வைப்பதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

நூலக வாசல்

பொது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரதியே இல்லாத புத்தகங்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தேடுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியாகும் நூலின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அப்பா ஒழுங்காக அனுப்பியிருந்தால் அங்கே இருக்கும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் கேளுங்கள்.

உங்கள் பட்டியலில், அரசு நாட்டுடைமையாக்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய நூல்களின் ஆசிரியர் யாராவது இருந்தால் அவர்களை விட்டுவிடுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களை வைத்தே தமிழ் நூல்களை இலவசமாக ஏற்றிவருகிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் நண்பர்கள் 2013 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கிறார்கள். கிண்டிலில் தமிழ் சரியாக வராத காலத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். செய்து கொடுத்தவர்கள் அவர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன்கள் கொட்டிக் கிடக்கின்றன. இங்கெல்லாம் இலவசமாகக் கிடைப்பதை நீங்கள் விலை வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். உங்களிடம் மட்டுமே உள்ளதைச் செய்யுங்கள்.

ராயப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நாட்டார் வழக்காற்று நூலில் தொடங்குகிறேன். ஆசிரியர் இருக்கிறார், தாம்பரத்தில்தான். சனிக்கிழமை போய்க் கடிதம் வாங்கிவிடுவேன். செலக்டில் இப்போதைக்குச் சேரவில்லை, 35 போதும். குரல்வழி நண்பருக்கும் மற்றவர்களுக்கும் இ-பப்பை நேரடியாகவும் விற்க வேண்டும். அண்ணே, பேஜ்மேக்கர் கோப்பை அனுப்பினால் எழுத்துரு எது என்று சொல்வீர்களா? பக்கத்துக்கு என்ன ஆகும்?

திருவல்லிக்கேணி டி.டி.பி.

கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள், அதே சி.டி.யில் எழுத்துருக் கோப்புகளும் கிடக்கும், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுப் பிரதி ஒன்றும் வேண்டும். கூலியைக் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாற்றுவதற்குக் குறைவாகத்தான் ஆகும், மெய்ப்புக்குத்தான் செலவு, அதில் பேரம் வேண்டாம். நாட்டார் பாடல்களில் வட்டாரச் சொல்லை 'திருத்தி' வைக்காத ஆளாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த தமிழ் ஆசிரியை ஒருவர் இருக்கிறார், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.